லினக்ஸ்ல விர்ச்சுவல் மெஷின்: விர்ச்சுவல்பாக்ஸா, விஎம்வேரா, கேவிஎம்மா? எது எங்க மக்கர் பண்ணும்?

லினக்ஸுக்கு மாறினவங்கள்ல நிறைய பேரால விண்டோஸை மொத்தமா விட்டுட முடியறதில்ல. டாலி இருக்கும், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் இருக்கும், மேக்ரோ போட்ட எக்ஸெல் ஷீட் இருக்கும், இல்லைன்னா காலேஜ் லேப்ல கொடுத்த ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேர் இருக்கும். அதுக்காக டூயல் பூட் வச்சுட்டு நாளைக்கு ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்றதுக்குப் பதிலா லினக்ஸுக்குள்ளயே விண்டோஸை ஓட்டுற ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டுக்கலாம்னு உட்காருவாங்க, உட்கார்ந்த அன்னைக்கே ஒரு எரர் வரும், கூகுள் பண்ணா பத்து பேர் பத்து மாதிரி சொல்லுவாங்க, அதுல பாதி 2016-ல எழுதினதா இருக்கும்.

எது பெஸ்ட்னு கேட்டா எல்லாரும் வேகத்தைப் பத்தியே பேசறாங்க. என்னைக் கேட்டா அது ரெண்டாவது விஷயம். இன்னைக்கு இருக்குற சிபியூல, விர்ச்சுவல் மெஷினை ஓட்டுற விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம் மூணுமே ஹார்ட்வேர் உதவியோட தான் ஓடுது, டாலி ஓட்டறதுக்கும் வேர்ட் ஃபைல் திறக்கறதுக்கும் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. நிஜமா வித்தியாசம் எங்கன்னா, இந்த சாஃப்ட்வேரோட முக்கியமான பாகம் லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே (ஹார்ட்வேரோட நேரா பேசுற, லினக்ஸோட அடிப்படைப் பாகம்) இருக்கா, வெளியில இருந்து கொண்டு வந்து ஒட்டறோமாங்கறதுல தான். கேவிஎம் கெர்னலோடயே வருது. விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும் வாடகைக்கு இருக்குறவங்க மாதிரி, ஓனர் பூட்டை மாத்துறப்பல்லாம் இவங்க புதுசா சாவி செஞ்சுக்கணும், செய்யலைன்னா வெளிய நிக்கணும். நெட்ல நீங்க பாக்குற இன்ஸ்டால் எரர்ல பெரும்பாலானது இந்த ஒரே காரணத்துல இருந்து வர்றது தான்.

அதனால நான் இங்க ஒப்பிடப் போறது எது வேகம்ங்கறதை இல்ல, எது எங்க உடையும், உடைஞ்சா சரி பண்றது யார் தலையில விழும்ங்கறதை.

எதைப் போட்டாலும் முதல்ல இதைப் பாருங்க

சிபியூல விர்ச்சுவலைசேஷன் இருக்கா, ஆன் ஆகி இருக்கா. இன்டெல்ல இதுக்குப் பேரு விடி-எக்ஸ், ஏஎம்டில ஏஎம்டி-வி. ரெண்டும் 2005, 2006-லயே வந்துருச்சு, அதனால உங்க லேப்டாப்ல இல்லாம இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, ஆனா பயோஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற அடிப்படை செட்டிங்ஸ்ல) ஆஃப் ஆகி இருக்க வாய்ப்பு நிறையவே இருக்கு. டெர்மினல்ல எல்எஸ்சிபியூ கமாண்டை ஓட்டினா விர்ச்சுவலைசேஷன்னு ஒரு வரி வரும், அதுல விடி-எக்ஸ்னோ ஏஎம்டி-வின்னோ இருக்கணும். இருந்தும் சந்தேகமா இருந்தா கெர்னல் லாக்ல கேவிஎம்னு தேடிப் பாருங்க, பயோஸ்ல அடைச்சு வச்சிருந்தா "டிசேபிள்ட் பை பயோஸ்"னு அதுவே சொல்லிடும். உபுண்டு, மின்ட் ஆளுங்க சிபியூ-செக்கர்னு ஒரு குட்டி பாக்கேஜ் போட்டு கேவிஎம்-ஓகே கமாண்டை ஓட்டினா ஒரே வரில பதில் கிடைச்சுரும்.

ஏஎம்டி மதர்போர்டு வச்சிருக்குறவங்க பயோஸ்ல "விர்ச்சுவலைசேஷன்"னு தேடித் தேடி அலுத்துப் போவாங்க, அங்க அது "எஸ்விஎம் மோட்"ங்கற பேர்ல, பெரும்பாலும் ஓவர்கிளாக்கிங் மெனுக்குள்ளயோ அட்வான்ஸ்டு சிபியூ மெனுக்குள்ளயோ ஒளிஞ்சிருக்கும். ஆன் பண்ணிட்டு வெறும் ரீஸ்டார்ட் பண்ணாம ஒரு தடவை முழுசா பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்றது நல்லது, சில பழைய லேப்டாப்ல அப்பத்தான் எடுபடுது.

அடுத்தது செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத கோடை பூட்ல ஓட விடாத பாதுகாப்பு) ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கான்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, மோக்யூட்டில் கமாண்டுல எஸ்பி-ஸ்டேட்னு கேட்டா சொல்லும். இது கேவிஎம்முக்கு ஒரு பொருட்டே இல்ல, மத்த ரெண்டுக்கும் பாதி தலைவலி இங்க தான், அதைக் கீழ சொல்றேன்.

ரேம் பத்தி நீட்டி முழக்க வேண்டாம். விண்டோஸ் 11 கேக்குறதே குறைஞ்சது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி டிஸ்க்கும், அதை உள்ள கொடுத்துட்டு வெளிய லினக்ஸும் ப்ரவுசரும் ஓடணும்னா மொத்தம் 8 ஜிபில மூச்சு வாங்கும், 16 இருந்தா நிம்மதி. 4 ஜிபி லேப்டாப்ல எந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும் வேலைக்கு ஆகாது, அங்க டூயல் பூட்டே மேல்.

விர்ச்சுவல்பாக்ஸ்

எல்லாரும் முதல்ல போடுறது இது தான், காரணமும் நியாயமானது. விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஒரே முகம், மெனு எல்லாம் புரியும், ஷேர்டு ஃபோல்டர் ரெண்டு க்ளிக்ல வேலை செய்யும், ஸ்னாப்ஷாட் (மெஷினோட இப்போதைய நிலையைச் சேமிச்சு வைக்கறது) சுலபம், எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இதை வச்சுத்தான் சொல்லிக்கொடுப்பாங்க. இன்னோடெக்னு ஒரு ஜெர்மன் கம்பெனி செஞ்சது, 2008-ல சன் வாங்கினாங்க, 2010-ல சன்னையே ஆரக்கிள் வாங்கினப்ப கூடவே இதுவும் போச்சு.

இதோட பிரபலமான எரர், "கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு", பக்கத்துல மைனஸ் 1908னு ஒரு நம்பர் இருக்கும். அதுக்கு அர்த்தம் விபாக்ஸ்டிஆர்வி-ங்கற மாட்யூல், அதாவது கெர்னலோட ஒட்டுற துணைப் பாகம், கெர்னல்ல ஏறலைங்கறது, அவ்வளவு தான். ஏன் ஏறலைங்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, ஏறியும் மெஷின் ஓடாம போறதுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு, மூணையும் கலந்துகட்டி ஃபாரம்ல எவனோ சொன்ன பத்து கமாண்டையும் வரிசையா அடிக்காதீங்க, எது காரணம்னு முதல்ல கண்டுபிடிங்க.

முதல் காரணம் ஹெடர்ஸ். மாட்யூலை உங்க மெஷின்லயே கம்பைல் பண்ணணும், அதுக்கு ஜிசிசி, மேக்ங்கற கம்பைல் டூல்ஸ், அப்புறம் இப்ப ஓடிட்டிருக்குற கெர்னலோட ஹெடர்ஸ் பாக்கேஜ் (கம்பைலுக்கு வேண்டிய கெர்னல் விவர ஃபைல்கள்) வேணும். "இப்ப ஓடிட்டிருக்குற"ங்கறது முக்கியம். அப்டேட் வந்து புது கெர்னல் டிஸ்க்ல உக்காந்திருக்கும், நீங்க ரீஸ்டார்ட் பண்ணாம பழைய கெர்னல்லயே இருப்பீங்க, ஹெடர்ஸ் மட்டும் புதுசுக்கு இருக்கும், ரெண்டும் பொருந்தாது. அதனால முதல்ல முழு அப்டேட், ரீஸ்டார்ட், அப்புறம் யூநேம் கமாண்டுல என்ன வெர்ஷன் வருதோ அதுக்கான ஹெடர்ஸ், அப்புறம் விபாக்ஸ்கான்ஃபிக்-ஐ ரூட்டா (அட்மின் உரிமையோட) ஓட்டுங்க. உபுண்டு, மின்ட்ல குறிப்பிட்ட வெர்ஷன் ஹெடரை மட்டும் போடாம ஹெடர்ஸ்-ஜெனரிக்-ங்கற மெட்டா பாக்கேஜைப் போட்டு வைங்க, அப்பத்தான் அடுத்த கெர்னல் வரும்போது அதோட ஹெடரும் தானா கூடவே வரும். எச்டபிள்யூஇ கெர்னல் (எல்டிஎஸ்ங்கற நீண்ட கால வெர்ஷனுக்கு உபுண்டு பின்னாடி தர்ற புது கெர்னல்) வச்சிருக்குறவங்க அதுக்குன்னு இருக்குற மெட்டா பாக்கேஜைப் போடணும்.

கம்பைலே ஆகலைன்னா வார் லாக் ஃபோல்டர்ல விபாக்ஸ்-செட்டப் லாக்னு ஒண்ணு இருக்கும், அதைத் திறந்து முதல்ல வர்ற எரரைப் படிங்க, கடைசில வர்றதை இல்ல. உபுண்டு 22.04-ல 6.5 எச்டபிள்யூஇ கெர்னல் வந்தப்ப நிறைய பேருக்கு ஆனது இது தான், அந்த கெர்னலைக் கட்டினது ஜிசிசி 12-ல, ஆனா சிஸ்டம்ல டீஃபால்ட்டா இருந்தது ஜிசிசி 11, கெர்னல் கேக்குற ஒரு ஆப்ஷன் பழைய ஜிசிசிக்குத் தெரியவே தெரியாது, அதனால மாட்யூல் கம்பைல் பாதில நின்னுடும். ஜிசிசி 12 பாக்கேஜைப் போட்டதும் சரியாச்சு. ஆனா எரரைப் படிக்காம விர்ச்சுவல்பாக்ஸை அழிச்சு அழிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தா ஆயுசுக்கும் தீராது. இல்லைன்னா உங்க விர்ச்சுவல்பாக்ஸ் பழசு, கெர்னல் ரொம்பப் புதுசுன்னு இருக்கலாம், அதுக்கு புது வெர்ஷன் போடணும், இல்லைன்னா பழைய கெர்னல்ல பூட் பண்ணணும்.

ரெண்டாவது காரணம் செக்யூர் பூட். மாட்யூல் நல்லபடியா கம்பைல் ஆயிருக்கும், ஏத்தப் போனா "கீ வாஸ் ரிஜெக்டட்"னோ "ரெக்வயர்டு கீ நாட் அவைலபிள்"னோ சொல்லும். கையெழுத்து இல்லாத மாட்யூலை கெர்னல் உள்ள விடாது, அதான் விஷயம். உபுண்டு ரெப்போல (உபுண்டுவே வச்சிருக்குற பாக்கேஜ் களஞ்சியத்துல) இருக்குற விர்ச்சுவல்பாக்ஸ் பாக்கேஜைப் போட்டா இன்ஸ்டால் நடக்கும்போதே ஒரு பாஸ்வேர்டு கேக்கும், 8 எழுத்துல இருந்து 16 எழுத்துக்குள்ள, அது உங்க லாகின் பாஸ்வேர்டு இல்ல, ஒரு தடவை பயன்படுத்துறதுக்கு மட்டும். ரீஸ்டார்ட் பண்ணா நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வரும், "என்ரோல் மோக்"னு (மோக்னா மெஷின் ஓனர் சேர்க்குற சாவி) தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைப் போடணும். இங்க தான் ஆளுங்க கோட்டை விடுறது. அந்த ஸ்க்ரீன் கொஞ்ச நேரம் தான் காத்திருக்கும், ஏதோ எரர்னு பயந்து அப்படியே விட்டாலோ "கன்டினியூ பூட்"னு அழுத்தினாலோ சாவி பதிவாகாது, அடுத்த தடவை அந்த ஸ்க்ரீனும் வராது, மறுபடி மோக்யூட்டில்ல இம்போர்ட் பண்ணி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடுங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, வேலை செய்யும் தான், ஆனா ஆபீஸ் லேப்டாப்ல அதுக்கு அனுமதி இருக்காது, டூயல் பூட்ல விண்டோஸ் பிட்லாக்கர் (டிஸ்க் என்க்ரிப்ஷன்) போட்டு வச்சிருந்தா ரெக்கவரி கீ கேட்டு நிக்கும், அந்த கீ கையில இல்லாம பயோஸ் பக்கமே போகாதீங்க.

மூணாவது காரணம் புதுசு, பழைய பாடங்கள்ல இருக்காது. மாட்யூல் ஏறியிருக்கும், எல்லாம் நல்லா இருக்குற மாதிரி இருக்கும், மெஷினை ஸ்டார்ட் பண்ணா "விடி-எக்ஸை வேற ஒரு ஹைப்பர்வைசர் யூஸ் பண்ணிட்டிருக்கு"ங்கற அர்த்தத்துல ஒரு எரர் (ஹைப்பர்வைசர்னா விர்ச்சுவல் மெஷினை ஓட்டுற சாஃப்ட்வேர்). நீங்க வேற எதையுமே திறந்திருக்க மாட்டீங்க. 2024 நவம்பர்ல வந்த 6.12 கெர்னல்ல இருந்து, கேவிஎம் மாட்யூல் லோட் ஆன உடனேயே சிபியூவோட விர்ச்சுவலைசேஷனைப் பிடிச்சு வச்சுக்குது, முன்னாடி ஏதாவது ஒரு மெஷின் ஸ்டார்ட் ஆனா தான் பிடிக்கும். அதனால கேவிஎம்மை நீங்க தொடவே இல்லைன்னாலும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு இடம் கிடைக்காது. தற்காலிகமா கேவிஎம்-இன்டெல் இல்ல கேவிஎம்-ஏஎம்டி மாட்யூலை மோட்ப்ரோப் கமாண்டால இறக்கிட்டு ஸ்டார்ட் பண்ணலாம், நிரந்தரமா வேணும்னா கெர்னல் பூட் ஆப்ஷன்ல கேவிஎம்மோட "எனேபிள் விர்ட் அட் லோட்"ங்கற செட்டிங்கை 0 ஆக்கணும். புது வெர்ஷன் விர்ச்சுவல்பாக்ஸும் புது கெர்னலும் சேர்ந்து இதைச் சமாளிக்கப் பழகிட்டு வருது, ஆனா அது வராத வெர்ஷன்ல ஒரு நேரத்துல ரெண்டு பேரும் ஓட முடியாது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ வச்சிருக்குறவங்க இதைக் கவனிக்கணும், அதோட எமுலேட்டர் லினக்ஸ்ல கேவிஎம் மேல தான் ஓடுது, அது திறந்திருக்கும்போது விர்ச்சுவல்பாக்ஸ் அடம் பிடிக்கறதுக்குக் காரணம் இது தான்.

டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகை) விஷயமும் ஒண்ணு இருக்கு. டெபியன் ஸ்டேபிள் ரெப்போல விர்ச்சுவல்பாக்ஸ் கிடையாது, ஆரக்கிளோட ரெப்போவைச் சேர்த்துத்தான் போடணும். ஃபெடோரால ஆர்பிஎம் ஃப்யூஷன்ல இருந்து எடுக்கணும். ஆர்ச்ல சாதா கெர்னலுக்கு ஒரு பாக்கேஜ், மத்த கெர்னலுக்கு டிகேஎம்எஸ் (கெர்னல் மாறுறப்பல்லாம் மாட்யூலைத் தானா திரும்பக் கட்டுற டூல்) பாக்கேஜ், மாத்திப் போட்டா மறுபடி அதே 1908. ரெப்போல இருந்து ஒண்ணு, ஆரக்கிள் சைட்ல இருந்து ஒண்ணுன்னு ரெண்டையும் ஒரே மெஷின்ல ஏத்திடாதீங்க, ஒண்ணோட மாட்யூல் இன்னொண்ணோட ப்ரோகிராமுக்குப் பொருந்தாம வெர்ஷன் மிஸ்மேட்ச்னு கத்தும்.

எக்ஸ்டென்ஷன் பேக்ங்கற கூடுதல் பாகத்தைப் பத்தி ஒரு வார்த்தை. யூஎஸ்பி 2, 3 வேணும்னா அது கட்டாயம்னு இன்னும் எல்லா இடத்துலயும் எழுதியிருக்கு, 2022-ல வந்த 7.0-லயே அந்த யூஎஸ்பி பாகம் ஓப்பன் சோர்ஸ் பக்கம் வந்தாச்சு, பேக் தேவையில்ல. யூஎஸ்பி லிஸ்ட் காலியா இருந்தா உங்க யூசர் விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்ல இல்லைன்னு அர்த்தம், சேர்த்துட்டு லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க. பேக்கோட லைசென்ஸ் சொந்த உபயோகத்துக்கு ஃப்ரீ, கம்பெனி உபயோகத்துக்கு காசு, அதனால ஆபீஸ் மெஷின்ல பழக்க தோஷத்துல டவுன்லோட் பண்ணிடாதீங்க.

விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன்

1999-ல இருந்து இருக்கு, இந்த மூணுல மூத்தது. ரொம்ப நாளா காசு கொடுத்து வாங்கற சாமான், 2023 நவம்பர்ல பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடிச்சாங்க, 2024 மே மாசம் ப்ரோ வெர்ஷனை சொந்த உபயோகத்துக்கு ஃப்ரீன்னாங்க, அதே வருஷம் நவம்பர்ல எல்லாருக்குமே ஃப்ரீன்னாங்க. ஃப்ரீ தான், ஆனா டவுன்லோட் பண்றதுக்கு பிராட்காம் போர்ட்டல்ல அக்கவுண்ட் திறந்து, மெனுக்குள்ள மெனுவா போய் எடுக்கணும், எந்த டிஸ்ட்ரோ ரெப்போலயும் சும்மா கிடைக்காது, அப்டேட்டும் அதே மாதிரி தான்.

நல்ல பக்கம் என்னன்னா விண்டோஸ் கெஸ்ட்டுக்குள்ள (கெஸ்ட்னா மெஷினுக்குள்ள ஓடுற ஓஎஸ்) கிராஃபிக்ஸ் இதுல தான் நல்லா இருக்கு. டைரக்ட்எக்ஸ் 11 கேக்குற கேட் (டிசைன் வரையற) சாஃப்ட்வேர், கொஞ்சம் பழைய கேம் இதெல்லாம் மூணுலயும் இதுல தான் தொந்தரவு கம்மியா ஓடும். விண்டோவை இழுத்துப் பெருசாக்கினா உள்ள ரெசல்யூஷன் தானா மாறும், காப்பி பேஸ்ட் வேலை செய்யும், சின்னச் சின்ன விஷயம் தான் ஆனா தினமும் அதுலயே உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

கெட்ட பக்கம் விஎம்மான், விஎம்நெட்னு ரெண்டு மாட்யூல். விர்ச்சுவல்பாக்ஸ் கதை தான், இன்னும் கொஞ்சம் மோசம். "டெவ் விஎம்மான் திறக்க முடியல"ன்னு எரர் வந்தா மாட்யூல் கட்டப்படலை, இல்லைன்னா அதுல கையெழுத்து இல்லைன்னு அர்த்தம். விஎம்வேர்-மோட்கான்ஃபிக்-ஐ ரூட்டா ஓட்டி திரும்பக் கட்டலாம், ஆனா கெர்னல் ஒரு படி முன்னாடி போயிட்டா விஎம்வேர் தர்ற சோர்ஸே கம்பைல் ஆகாது, அப்ப வெளியாட்கள் திருத்தி கிட்ஹப்ல போட்டு வச்சிருக்குற சோர்ஸைத் தேடி எடுத்துப் போட வேண்டி வரும். ரெப்போ பாக்கேஜ் இல்லாததால டிகேஎம்எஸ் தானா சாவி போட்டுத் தர்ற சௌகரியமும் இல்ல, செக்யூர் பூட் ஆன்ல இருந்தா ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் நீங்களே கையெழுத்து போடணும். ஃபெடோரா, ஆர்ச் மாதிரி கெர்னல் வேகமா மாறுற டிஸ்ட்ரோல இதை நான் சொல்ல மாட்டேன். உபுண்டு எல்டிஎஸ்ல ஆரம்பத்துல வந்த கெர்னலோடயே, எச்டபிள்யூஇ போகாம இருக்குறவங்களுக்கு ஒத்து வரும்.

கேவிஎம், விர்ட்-மேனேஜர்

பேரைக் கேட்டாலே சர்வர் ஆளுங்க சமாச்சாரம்னு ஒதுங்கறாங்க. க்யூம்ராநெட்னு ஒரு இஸ்ரேல் கம்பெனில பிறந்தது, 2007 ஃபிப்ரவரில வந்த 2.6.20 கெர்னல்லயே சேர்ந்துருச்சு, 2008-ல ரெட் ஹேட் அந்தக் கம்பெனியை வாங்கினாங்க. அதாவது உங்க மெஷின்ல கேவிஎம் ஏற்கனவே இருக்கு, நீங்க இன்ஸ்டால் பண்றது அதோட மேல்பூச்சு மட்டும் தான், ஹார்ட்வேரா நடிக்கறதுக்கு க்யூஇஎம்யூ, மேனேஜ் பண்ண லிப்விர்ட், க்ளிக் பண்ண விர்ட்-மேனேஜர். ஹெடர்ஸ் வேண்டாம், ஜிசிசி வேண்டாம், நீல ஸ்க்ரீன் வேண்டாம், செக்யூர் பூட் ஆன்லயே இருக்கட்டும், கெர்னல் எத்தனை தடவை மாறினாலும் மாட்யூல் அதோடயே வரும்.

அப்ப பிரச்சனையே இல்லையான்னா இருக்கு, ஆனா அது வேற ஜாதி. கம்பைல் சம்பந்தமா எதுவும் வராது, வர்றதெல்லாம் பர்மிஷனும் நெட்வொர்க்கும். ஒரு தடவை சரி பண்ணிட்டா பெரும்பாலும் அதோட விட்டுடும்ங்கறது தான் எனக்கு இதுல பிடிச்சதே.

முதல் தடவை விர்ட்-மேனேஜரைத் திறந்ததும் லிப்விர்ட்டோட பேச முடியலைன்னு வரும். உங்க யூசரை லிப்விர்ட் குரூப்ல சேர்த்துட்டு லாக்அவுட் பண்ணி வாங்க, டெர்மினலை மட்டும் மூடித் திறந்தா பத்தாது. அப்பவும் வரலைன்னா சர்வீஸ் ஓடுதான்னு பாருங்க, ஃபெடோரா 35-ல இருந்து பழைய லிப்விர்ட்டிக்குப் பதிலா விர்ட்க்யூஇஎம்யூடி மாதிரி தனித்தனி சர்வீஸா பிரிச்சுட்டாங்க, பழைய கட்டுரை பாத்து பழைய பேரை ஸ்டார்ட் பண்ணிட்டு ஏன் வேலை செய்யலைன்னு முழிக்காதீங்க.

ரெண்டாவது, "டீஃபால்ட் நெட்வொர்க் ஆக்டிவா இல்ல". விர்ஷ் கமாண்டுல நெட்-ஸ்டார்ட் டீஃபால்ட், அப்புறம் நெட்-ஆட்டோஸ்டார்ட் டீஃபால்ட், முடிஞ்சது. ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குதுன்னா டிஎன்எஸ்மாஸ்க் பாக்கேஜ் இருக்கான்னு பாருங்க.

மூணாவது ஐஎஸ்ஓ ஃபைல். டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருக்குற ஐஎஸ்ஓவைக் காட்டினா பர்மிஷன் டினைடுனு சொல்லும். மெஷினை ஓட்டுறது நீங்க இல்ல, வேற ஒரு சிஸ்டம் யூசர், அவருக்கு உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள வர அனுமதி இல்ல, உபுண்டு 21.04-ல இருந்து ஹோம் ஃபோல்டரை டீஃபால்ட்டாவே மத்தவங்களுக்கு அடைச்சுட்டாங்க. விர்ட்-மேனேஜரே "சரி பண்ணட்டுமா"னு கேக்கும், சரின்னு சொல்லலாம், ஆனா சுத்தமான வழி ஐஎஸ்ஓவை வார் லிப் லிப்விர்ட் இமேஜஸ் ஃபோல்டருக்கு நகர்த்துறது தான். ஹோமுக்குத் தனி பார்ட்டிஷன் வச்சிருக்குறவங்க கவனம், அந்த இமேஜஸ் ஃபோல்டர் ரூட் பார்ட்டிஷன்ல இருக்கு, 40 ஜிபி ரூட்ல 64 ஜிபி விண்டோஸ் டிஸ்க் போட்டா முதல்ல ஒண்ணும் சொல்லாது, கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து ஒரு நாள் ரூட் நிரம்பி டெஸ்க்டாப்பே லாகின் ஆகாம நிக்கும். பெரிய பார்ட்டிஷன்ல ஒரு ஸ்டோரேஜ் பூல் உருவாக்கிட்டு அப்புறம் மெஷின் போடுங்க.

டாக்கர் வச்சிருக்குறவங்களுக்குத் தனியா ஒண்ணு. மெஷின் ஸ்டார்ட் ஆகும், ஐபி கூட வரும், ஆனா நெட் வராது. டாக்கர் ஃபயர்வால்ல ஃபார்வர்டு டிராஃபிக்கையே டீஃபால்ட்டா டிராப் பண்ணி வச்சிருக்கும், புது லிப்விர்ட் என்எஃப்டேபிள்ஸ்ங்கற ஃபயர்வால் முறைல தனி டேபிள்ல எழுதுது, லிப்விர்ட் விட்டாலும் டாக்கரோட டேபிள் நிறுத்திடும். லிப்விர்ட்டோட நெட்வொர்க் கான்ஃபிக் ஃபைல்ல ஃபயர்வால் பேக்எண்டை ஐபிடேபிள்ஸ்னு மாத்தி சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணா பெரும்பாலும் தீர்ந்துரும். இது தெரியாம விண்டோஸுக்குள்ள உக்காந்து டிஎன்எஸ் மாத்தி மாத்திப் பாத்துட்டு இருப்பாங்க பாவம்.

"கேவிஎம் ரொம்ப ஸ்லோ"ன்னு சொல்றவங்க ரெண்டு விஷயம் பாக்கணும். விர்ட்-மேனேஜர்ல மெஷினோட ஓவர்வ்யூல ஹைப்பர்வைசர்னு ஒரு இடம் இருக்கு, அங்க கேவிஎம்னு இல்லாம க்யூஇஎம்யூ டிசிஜின்னு இருந்தா மொத்த சிபியூவையும் சாஃப்ட்வேர்ல நடிச்சுட்டிருக்குன்னு அர்த்தம், பயோஸ்ல விர்ச்சுவலைசேஷன் ஆஃப். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-ல இருந்து ஹார்ட்வேர் உதவி இல்லைன்னா ஓடவே மாட்டேன்னு சொல்லிடும், இது அப்படி இல்லாம ஆமை வேகத்துல ஓடிக் காட்டும், அதான் குழப்பம். இன்னொண்ணு, விண்டோஸ் கெஸ்ட்டுக்கு டிஸ்க்கை சாதாரண சாட்டா இணைப்புலயே விட்டிருப்பீங்க. விர்ட்-ஐஓ (விர்ச்சுவல் மெஷினுக்குன்னே செஞ்ச வேகமான முறை) டிஸ்க் வச்சா வேகம் நல்லா ஏறும், ஆனா விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு அந்த டிரைவர் தெரியாது, டிஸ்க்கே இல்லைன்னு காலி லிஸ்ட் காட்டும். விர்ட்ஐஓ-வின் ஐஎஸ்ஓவை ரெண்டாவது சிடியா சேர்த்து, லோட் டிரைவர் அழுத்தி வயோஸ்டார் ஃபோல்டர்ல உங்க விண்டோஸ் வெர்ஷனைத் தேர்ந்தெடுத்தா டிஸ்க் தெரியும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் (பாதுகாப்பு சிப்) வேணும், எஸ்டபிள்யூ-டிபிஎம் பாக்கேஜ் போட்டா போதும்.

இதுல எனக்குப் பிடிக்காதது மூணு. ஷேர்டு ஃபோல்டர் விண்டோஸ் கெஸ்ட்டுக்கு சுலபமா இல்ல, விர்ட்-ஐஓ-எஃப்எஸ், அதுக்கு ஷேர்டு மெமரி, உள்ள வின்எஃப்எஸ்பின்னு ஒரு பட்டாளமே வேணும், நான் சாம்பா (நெட்வொர்க் வழியா ஃபோல்டர் பகிர்றது) ஷேர் போட்டு முடிச்சுக்குவேன். விண்டோஸ் கெஸ்ட்டுக்கு 3டி கிடையாதுன்னே வச்சுக்கோங்க, தனி கிராஃபிக்ஸ் கார்டையே உள்ள கொடுக்கறது ஒரு வழி தான், ஆனா அது ஒரு வார இறுதியை முழுங்குற வேலை. மூணாவது வைஃபை. லேன்ல ப்ரிட்ஜ் போட்டு மெஷினுக்கு வீட்டு ரவுட்டர்லயே தனி ஐபி வாங்கலாம், வைஃபைல சாதாரணமா அது நடக்காது, ஒரு கனெக்‌ஷன்ல ரெண்டு மேக் அட்ரஸை (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) ஆக்சஸ் பாயிண்ட் ஏத்துக்காது. விர்ச்சுவல்பாக்ஸ் மேக் அட்ரஸை நடுவுல மாத்தி எழுதி இதைச் சமாளிச்சுரும். லேன் கேபிளே இல்லாத லேப்டாப்ல, ஃபோன்ல இருந்து மெஷினுக்குள்ள ஓடுற சர்வரைத் திறந்து பாக்கணும்னா இது ஒண்ணே விர்ச்சுவல்பாக்ஸ் பக்கம் போக நியாயமான காரணம்.

க்னோம் பாக்ஸஸ்னு ஒண்ணு இருக்கே அதுன்னா, அதுவும் உள்ள கேவிஎம் தான், செட்டிங்ஸே இல்லாத முகம். ஒரு டிஸ்ட்ரோவை ஒரு மணி நேரம் போட்டுப் பாக்கணும்னா அருமை. அதுல போட்ட மெஷின் விர்ட்-மேனேஜர்ல காணோமேன்னு தேடாதீங்க, அது உங்க யூசர் செஷன்ல இருக்கு, விர்ட்-மேனேஜர் காட்டுறது சிஸ்டம் செஷன், ஃபைல் மெனுல யூசர் செஷன் கனெக்‌ஷனைச் சேர்த்தா தெரியும்.

சரி, யாருக்கு எது

டாலி, டோக்கன், ஆபீஸ் ஃபைல், லினக்ஸ் சர்வர் கத்துக்கறது, இதெல்லாம் தான் வேலைன்னா விர்ட்-மேனேஜர், யோசிக்கவே வேண்டாம். யூஎஸ்பி டோக்கனை "ஆட் ஹார்ட்வேர்"ல போய் உள்ள கொடுத்தா போதும். ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே டம்பிள்வீட்னு ஓடுறவங்களுக்கும் இது தான், அங்க வெளி மாட்யூல் வச்சுட்டு நிம்மதியா தூங்க முடியாது.

காலேஜ்ல எல்லாருக்கும் ஒரே ஓவிஏ ஃபைல் (ரெடியா செட் பண்ணின மெஷின்) கொடுத்து இதுல தான் லேப் பண்ணணும்னு சொன்னா விர்ச்சுவல்பாக்ஸே போடுங்க, பக்கத்துல இருக்குறவன் விண்டோஸ்ல திறக்குறதை நீங்க லினக்ஸ்ல அப்படியே திறக்கலாம், சந்தேகம் கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கும், கேவிஎம்முக்கு மாத்தி நீங்க மட்டும் தனியா போராடறதுல ஒரு லாபமும் இல்ல. வைஃபை ப்ரிட்ஜ் வேணும்ங்கறவங்களும் இங்க. உபுண்டு, மின்ட்ல ரெப்போ பாக்கேஜையே போடுங்க, வெர்ஷன் கொஞ்சம் பழசா இருந்தாலும் கெர்னலோட ஒத்துப் போறதும் சாவி போடுறதும் தானா நடக்கும்.

கிராஃபிக்ஸ் வேலை, இல்லைன்னா ஆபீஸ் கொடுக்குற மெஷின் எல்லாம் விஎம்டிகேவா (விஎம்வேரோட டிஸ்க் ஃபைல்) வருதுன்னா விஎம்வேர். அதுக்குன்னு ஒரு நிலையான எல்டிஎஸ் வச்சுக்கோங்க, கெர்னல் அப்டேட் வந்ததும் பழைய கெர்னலை அழிச்சுடாதீங்க, க்ரப் மெனுல அது இருந்தா அன்னைக்கு வேலை கெடாது.

மூணையும் ஒரே மெஷின்ல போட்டு எது நல்லா இருக்குன்னு பாக்கலாம்ங்கற ஐடியா மட்டும் வேண்டாம், விடி-எக்ஸுக்கு நடக்குற சண்டைல எதோட எரர் எதுன்னே தெரியாம போயிடும்.

ஏற்கனவே விர்ச்சுவல்பாக்ஸ்ல செட் பண்ணி வச்ச விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ண வேண்டாம், கேவிஎம்முக்கு மாத்திக்கலாம். முதல்ல ஸ்னாப்ஷாட் எல்லாத்தையும் அழிச்சு ஒரே டிஸ்க்கா ஆக்கிட்டு, உள்ள கெஸ்ட் அடிஷன்ஸை (விர்ச்சுவல்பாக்ஸ் கொடுக்குற டிரைவர் தொகுப்பு) அன்இன்ஸ்டால் பண்ணி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாம முழுசா ஷட்டவுன் பண்ணுங்க. க்யூஇஎம்யூ-இமேஜ் கன்வெர்ட் கமாண்டால விர்ச்சுவல்பாக்ஸோட விடிஐ டிஸ்க் ஃபைலை கேவிஎம் பக்கத்து க்யூகவ்2 ஆக்குங்க. விர்ட்-மேனேஜர்ல "இருக்குற டிஸ்க்கை இம்போர்ட் பண்ணு"னு எடுத்து, பழைய மெஷின் பயோஸ்ல போட்டதா யூஇஎஃப்ஐல போட்டதான்னு பாத்து அதையே இங்கயும் தேர்ந்தெடுங்க, மாறினா பூட் ஆகாது. டிஸ்க்கை முதல் தடவை சாட்டாலயே விடுங்க, நேரா விர்ட்-ஐஓ வச்சா விண்டோஸ் நீல ஸ்க்ரீன்ல பூட் டிவைஸ் கிடைக்கலைன்னு விழும். உள்ள போய் விர்ட்ஐஓ டிரைவர் எல்லாம் போட்டு, விர்ட்-ஐஓல ஒரு குட்டி ரெண்டாவது டிஸ்க் சேர்த்து அது தெரியுதான்னு பாத்துட்டு, அப்புறம் மெயின் டிஸ்க்கை மாத்துங்க. ஹார்ட்வேர் மாறிப் போச்சுன்னு விண்டோஸ் ஆக்டிவேஷன் மறுபடி கேக்க வாய்ப்பிருக்கு, கீயைக் கையில வச்சுக்கோங்க. பழைய விடிஐயை அன்னைக்கே அழிக்க வேண்டாம், டாலி டேட்டா எல்லாம் சரியா திறக்குதான்னு பாத்துட்டு மெதுவா அழிக்கலாம்.